டிப்ளமோ முடித்து நான்கு ஆண்டுகள்: வெற்றுக் கோப்பின் மீது தீராத கோபம்

போன வாரம் சித்தப்பா மகன் கேட்டான்: "அக்கா, மென்பொருள் உருவாக்கத்தில் டிப்ளமோ சேரலாம் என்று இருக்கிறேன். நீங்கள் படித்ததுதானே, எப்படி இருந்தது?" ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. சரி, எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவனுக்கு எழுதியது இவ்வளவு நீண்டுவிட்டதால், அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே போடுகிறேன்.

எத்தனை செமஸ்டர், என்னென்ன பாடங்கள் என்பதெல்லாம் சேர்க்கைக் கையேட்டிலேயே இருக்கும். எங்கே படித்தாலும் அந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். படித்து முடித்து நான்கு ஆண்டுகள் வேலையில் உழன்ற பிறகு எது கையில் மிஞ்சியிருக்கிறது, எது இன்னும் உறுத்துகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் இன்றைக்கு என் மனநிலைக்குத் தோதாக இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கொடுத்த பயிற்சிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு வெற்றுக் கோப்பில் தொடங்கின. பகா எண் கண்டுபிடிக்க நிரல் எழுதுக. பட்டியலை வரிசைப்படுத்த நிரல் எழுதுக. நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்கும் திருப்பித் தருவதற்கும் நிரல் எழுதுக. எழுதுக, எழுதுக, எழுதுக. வேறொருவர் எழுதிய ஆயிரம் வரியைக் கையில் கொடுத்து, "இதில் எங்கோ ஒரு தவறு இருக்கிறது, கண்டுபிடி" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலையில் எனக்கு வந்த முதல் பணி, ஒரு திரையில் தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டுகிறது, சரிசெய்ய வேண்டும் என்பது. திறந்து பார்த்தால் நானூறுக்கு மேல் கோப்புகள். எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். அந்தத் தேதி எந்தக் கோப்பில் பிறந்து, எதன் வழியாக நடந்து, எங்கே திரையில் விழுகிறது என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. திருத்தியது ஒரே ஒரு வரி. அந்த நான்கு நாளும் நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இந்த நான்கு ஆண்டுகளில் வெற்றுக் கோப்பிலிருந்து நான் தொடங்கிய வேலை இரண்டே இரண்டு. மற்ற நாளெல்லாம் பிறர் எழுதியதைப் படிப்பதுதான் பிழைப்பு.

படிக்கப் பழக்காததன் விலை என்ன என்பதற்கு இறுதிச் செமஸ்டர் புராஜெக்டே சாட்சி. நாங்கள் நான்கு பேர். ஒருவர் எழுதிய பகுதி எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்து படிப்பதற்குப் பதிலாக, இரண்டு இரவு விழித்து அந்தப் பகுதி முழுவதையும் என் பாணியில் திரும்ப எழுதினேன். பாராட்டினார்கள், மதிப்பெண்ணும் போட்டார்கள். ஒரு கெட்ட பழக்கத்துக்கு முதல் பரிசு கொடுத்தது போல அது.

அந்தப் பழக்கத்தோடுதான் வேலைக்குப் போனேன். வெளியிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்புகளை (அட்டவணையைக் காற்புள்ளிகளால் பிரித்து எழுதிய உரைக் கோப்புகளை) படித்து டேட்டாபேஸில் ஏற்றும் ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலின் ஒரு தனிப் பகுதி, இருந்தது. பார்க்கவே அலங்கோலம். உள்ளே ஒரு விநோதமான வரி: கோப்பின் முதல் எழுத்து ஒரு குறிப்பிட்ட எழுத்தாக இருந்தால் அதைத் தூக்கிப் போடு. திரையில் அந்த எழுத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. எவரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று முடிவு கட்டி, அழகாகத் திருத்தி எழுதும் சாக்கில் அந்த வரியை நீக்கிவிட்டேன். என் சோதனைக் கோப்புகள் எல்லாம் ஓடின. இரண்டு நாள் கழித்து, உண்மையான கோப்புகள் வரத் தொடங்கியதும், அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் முதல் பத்தியையே காணோம் என்று பிழைச் செய்தி. கோப்பைத் திறந்தால் பத்தி கண்ணுக்கு நேரே இருக்கிறது! எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் யு+எஃப்இஎஃப்எஃப் என்ற எண் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உண்டு. விரிதாள் மென்பொருள்கள் சில, கோப்பைச் சேமிக்கும்போது அதை முன்னால் ஒட்டிவிடும். முதல் பத்தியின் பெயர் 'ஐடி' என்று நமக்குத் தெரிகிறது. கணினிக்கோ அது கண்ணுக்குத் தெரியாத குறியும் 'ஐடி'யும் சேர்ந்த வேறொரு பெயர். நான் நீக்கிய வரி அதற்காகத்தான் இருந்தது. தூக்கக் கலக்கம் அவருடையதில்லை, என்னுடையது.

யார், எப்போது, எதற்காக அந்த வரியைச் சேர்த்தார் என்று பார்க்கக் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை போதும். நிரலில் யார் எதை மாற்றினாலும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் கட்டளை அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வேலைக்காக உருவாக்கிய கிட், இன்று இந்தத் தொழிலின் அன்றாடக் கருவி. எங்களுக்கு அது நான்காம் செமஸ்டரில் ஒரே ஒரு வகுப்பு. அதிலும் சேமிப்பது எப்படி என்று மட்டும்தான் காட்டினார்கள். பழைய வரலாற்றைத் திருப்பிப் படிக்க முடியும் என்று எவரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடும் பைனரி தேடல் எல்லாத் தேர்விலும் வரும். நானும் எழுதினேன்: கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு. முழு மதிப்பெண். பிறகுதான் தெரிந்தது, அந்த வரியிலேயே ஒரு பிழை உண்டு என்று. 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2,147,483,647. பட்டியல் மிகப் பெரிதாகி, இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால், ஜாவா நிரல் மொழியில் விடை எதிர்ம எண்ணாகிவிடும். நடு என்பது பட்டியலுக்கு வெளியே போய் நிற்கும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் இருந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006 இல் தானே வெளிப்படையாக எழுதினார். கீழ் எல்லையோடு, இரண்டு எல்லைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் சிக்கல் தீர்ந்தது. எவ்வளவு அருமையான பாடம்! அந்த நான்கைந்து வரியைக் கொடுத்து, "இது எப்போது உடையும்?" என்று கேட்டிருந்தால் ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கலாம். எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

மென்பொருள் பொறியியல் பாடமும் இதே கதைதான். ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும் நீர்வீழ்ச்சி மாதிரியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வார்கள். அந்தப் படத்துக்கு மூலம் என்று சொல்லப்படும் 1970 ஆம் ஆண்டுக் கட்டுரையை வின்ஸ்டன் ராய்ஸ் எழுதினார். அதில் நீர்வீழ்ச்சி என்ற சொல்லே கிடையாது. அப்படி நேர்க்கோட்டில் வேலை செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அவரே அங்கே எச்சரிக்கிறார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வார்த்தையை விட்டுவிட்டார்கள். படிக்காமல் நகலெடுப்பது மாணவர்களின் நோய் மட்டுமில்லை என்று அன்றைக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது.

சரி, நியாயமாகவும் கொஞ்சம் பேச வேண்டும். டேட்டாபேஸ் பாடம் நன்றாக இருந்தது. அட்டவணைகளைப் பிரிப்பதும் இணைப்பதும் அன்று கற்றபடியே இன்றும் உதவுகின்றன. நெட்வொர்க் பாடம் பரவாயில்லை. வலைப்பக்க வடிவமைப்பில் கற்றுக்கொடுத்தது வேலைக்குப் போவதற்குள்ளேயே பழசாகியிருந்தது; அதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் துறையின் வேகம் அப்படி.

இனி அந்த விதிவிலக்கு. முதல் செமஸ்டரில் ஓர் ஆசிரியை இருந்தார். கணினியைத் தொடவே விடமாட்டார். பத்து வரி நிரல் ஒன்றைப் பலகையில் எழுதி, காகிதத்தில் டிரை ரன் போட, அதாவது கணினி இல்லாமல் கையாலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை. "கணினி என்ன செய்யும் என்று நினைக்கிறாய் என்பதை எழுதாதே, இந்த வரி என்ன சொல்கிறது என்பதை எழுது" என்பார். நாங்கள் முனகிய முனகல் கொஞ்சமில்லை. கணினி படிக்க வந்த இடத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போடுவதா? செமஸ்டர் முடிவில் பாடத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது, காலத்துக்கு ஒவ்வாத முறை என்று காட்டமாக எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

போன ஆண்டு ஒரு புகார் வந்தது. ரத்தான ஆர்டர்கள் பட்டியலிலிருந்து தானாக நீங்க வேண்டும். சில சமயம் ஒன்று மட்டும் நீங்காமல் நிற்கிறது. "சில சமயம்" என்ற சொல்லைப் போல வயிற்றைக் கலக்கும் சொல் இந்தத் தொழிலில் வேறில்லை. நிரலோ எளிமையானது: பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார், ரத்தானது என்றால் நீக்கு. பைத்தான் நிரல் மொழியில் மூன்றே வரி. இருவர் பார்த்துவிட்டு, நிரல் சரி, தரவில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு வழி தெரியாமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டம் போட்டேன்.

பட்டியலில் நான்கு ஆர்டர்கள் என்று வைத்துக்கொண்டேன்: 4, 6, 7, 8. இவற்றில் 7 மட்டும் நல்லது, மற்றவை ரத்தானவை. முதல் சுற்று, இன்டெக்ஸ் (பட்டியலில் இட எண், 0 இலிருந்து தொடங்கும்) 0: கையில் 4, ரத்தானது, நீக்கியாயிற்று. இப்போது பட்டியல் 6, 7, 8. இரண்டாம் சுற்று, இன்டெக்ஸ் 1. பேனா அங்கேயே நின்றுவிட்டது. இன்டெக்ஸ் 1 இல் இருப்பது 7. அப்படியானால் 6? 4 போனதும் 6 ஓர் இடம் முன்னால் நகர்ந்து 0 இல் உட்கார்ந்துவிட்டது. சுற்றிச் சுற்றி ஓடும் அந்த லூப் அதைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போகிறது. மூன்றாம் சுற்றில் 8 போகிறது. கடைசியில் மிஞ்சுவது 6, 7. ரத்தான இரண்டு ஆர்டர்கள் அடுத்தடுத்து வந்தால் மட்டும் இரண்டாவது தப்பிக்கும். அதுதான் அந்தச் "சில சமயம்". ஓடும் லூப்பிலேயே பட்டியலைக் குறைக்காமல், நல்லவற்றை மட்டும் புதிய பட்டியலில் சேர்க்கும்படி மாற்றினோம், முடிந்தது.

கண்ணால் பார்த்த மூன்று பேருக்கும் நிரல் சரியாகத் தெரிந்தது. காகிதம் ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. நாங்கள் படித்தது நிரலை இல்லை, நிரல் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் மனதில் இருந்ததை. அந்த ஆசிரியை திட்டியதும் இதற்காகத்தான்.

இப்போது என் மேசையில் எப்போதும் ஒரு கட்டம் போட்ட நோட்டு இருக்கிறது. பிழைத்திருத்தக் கருவிகள் வரிவரியாக நிறுத்திக் காட்டும், மறுக்கவில்லை, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றில் அடுத்து, அடுத்து என்று விரல் தட்டிக்கொண்டே போகும், மனது கூட வராது. காகிதத்தில் ஒரு வரியைத் தாண்ட வேண்டுமானால் அதன் விடையை நானே எழுதியாக வேண்டும்.

தம்பியின் இன்னொரு கேள்வி: "இப்போதுதான் இயந்திரமே நிரல் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இதையெல்லாம் படிக்க வேண்டுமா?" 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் பத்து முறையாவது வந்திருக்கும். எழுதிக் கொடுக்கிறது, உண்மைதான். பார்வைக்கு நன்றாகவும் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று வரி நிரலும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மாணவனுக்கும் இனி வெற்றுக் கோப்பு கிடையாது, முதல் நாளிலிருந்தே பிறர் எழுதியதுதான் கையில் வரும். இந்த நிலையில் பாடத்திட்டம் இன்னும் "நிரல் எழுதுக" என்றே நிற்கிறது என்றால் என் கோபம் எங்கே தணியும்?

ஆக, சேரலாமா? எனக்கு இன்று சோறு போடும் ஒரே திறமை அந்தப் படிப்பின் முதல் செமஸ்டரில் வந்தது. அது இல்லாவிட்டால் நான் இந்த வேலையில் ஓராண்டு தாண்டியிருக்க மாட்டேன். இருந்தாலும் தம்பிக்கு நான் எழுதியது, யோசித்துச் சேர் என்றுதான். ஒரு பாடத்துக்காக இரண்டு ஆண்டு என்பது அதிகம். சேர்வதானால் சேர்க்கையின்போது ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: முன்பே எழுதிய நிரலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் தேர்வு உங்களிடம் உண்டா? புரியாமல் விழித்தால் அடுத்த இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. போன வாரம் எழுதியிருந்தால் மூன்றரை போட்டிருப்பேன். நேற்று மாலையிலிருந்து 2,300 வரிக் கோப்பு ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் ஒரு குறிப்பு வைக்கவில்லை, மாறிகளுக்கு ஏ, ஏஏ, ஏஏஏ என்று பெயர் வைத்திருக்கிறார். நோட்டில் ஏழாவது பத்திக்கு வந்திருக்கிறேன், பக்கத்தின் அகலம் தீர்ந்துவிட்டது. இன்னொரு தாளைப் பசை போட்டு ஒட்ட வேண்டும்.