அவினாசி ரோட்டில் லம்போர்கினி தேடிய நாள்

"மாமா, துபாயில லம்போர்கினி காரெல்லாம் தினமும் பார்ப்பீங்களா?" கோவையில் இறங்கிய அன்றே அக்கா மகன் கேட்ட கேள்வி இது. பார்க்கிறேன்தான். பால் வாங்கப் போனால் கடை வாசலில் ஒரு ஃபெராரி நிற்கும். அங்கே போலீசே 2013இல் லம்போர்கினி அவென்டடோர் ஒன்றை வாங்கியது. 14 வருஷத்தில் எனக்கு அது பழகிவிட்டது.

"நம்ம ஊர்ல எங்க இருக்கும்?" என்றான். சரி, தேடிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். செயலியில் பிடித்த வண்டி இரண்டு முறை கேன்சல் ஆனது. அப்புறம் அக்காவுக்குத் தெரிந்த டாக்ஸி ஸ்டாண்டில் சொன்னோம். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பேசி, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார் டிரைவர். இந்த மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் ஊர்ப் பயணம் நிம்மதியாக இருக்கிறது.

2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் இரண்டு முறை போய் வந்தோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர், அருமையான ரோடு. பென்ஸும் பிஎம்டபிள்யூவும் நிறையப் போயின. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரே ஒரு போர்ஷே.

"வண்டியெல்லாம் நம்மூர்லயும் இருக்குதுங்ண்ணா. வெளியதான் வராது" என்றார் டிரைவர். முன்பு ரெக்கவரி வண்டி ஓட்டியவராம். சர்வீசுக்காக இப்படிப்பட்ட கார்களைப் பெங்களூருக்கு ஏற்றிப் போயிருக்கிறார். முதல் எதிரி ஸ்பீடு பிரேக்கர்தான் என்றார்.

அமீரகத்தில் கார் இறக்குமதி வரி 5 சதவீதம். இங்கே வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் காருக்கு வரியே இன்னொரு கார் விலை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போனால் சாலை வரி மட்டும் 20 சதவீதம். ஆனால் அத்தனையும் கட்டியவர்கள்கூட காரை வீட்டில் பூட்டி வைக்கிறார்களே, அதுதான் எனக்கு உறைத்தது. 2005இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் ஊர் இது! செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது.

வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரையறுத்திருக்கிறது. அப்படிச் சரிவாகப் போட்டால், தரையிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் உயரமுள்ள லம்போர்கினி ஹுராகான் மெதுவாக ஏறி இறங்கிவிடும். தெருக்களில் இருப்பதோ குறுகலான, செங்குத்தான மேடுகள். காரை விடுங்கள், கர்ப்பிணியை ஏற்றிப் போகும் ஆட்டோவுக்கும் அதே அடிதான். இதைப் பற்றி வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கச் சொல்லி அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் பையன் ஸ்கேலும் நூலும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான். வந்து சொன்னான்: "மாமா, 17 சென்டிமீட்டர்!"