மாடியில் ஆறு வருடம்: பேனல் படுத்தவில்லை, இன்வெர்ட்டர்தான் படுத்தியது

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றாலே, கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் பேட்டரிப் பெட்டிதான். 2019-இல் தஞ்சாவூர் வீட்டு மொட்டை மாடியில் சோலார் போட்டபோது நானும் அந்த நினைப்பில்தான் இருந்தேன். போட்ட இரண்டாம் வாரமே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மேலே ஒன்பது பேனல் காய்கிறது, கீழே சோலாரிலிருந்து ஒரு பொட்டு கரண்ட் வரவில்லை. "இதுக்கா இவ்வளவு பணம் கொட்டுனீங்க?" என்றார் வீட்டம்மா.

மாடியில் மாட்டியது வேறு வகை: பேனலின் டி.சி. கரண்ட்டை ஏ.சி.யாக மாற்றி வெளி லைனோடு சேர்க்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். அது லைனில் கரண்ட் இருந்தால்தான் ஓடும். லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஒருவர் வேலை செய்யும்போது நம் வீட்டிலிருந்து கரண்ட் ஏறினால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் அது தானாகவே நின்றுவிடும். இதை விற்க வந்தவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய டியூபுலர் பேட்டரியும் அதன் பெட்டியும் இன்றும் மாடிப்படிக்குக் கீழே தனியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன பேனல் சார்?" என்றுதான். என்னுடையது அப்போது எங்கும் கிடைத்த 330 வாட் பாலி (பாலிகிரிஸ்டலைன் என்னும் பழைய வகை). ஒன்பது பேனல், சேர்த்தால் மூன்று கிலோவாட்டுக்கு ஒரு முடி குறைவு. ஆறு வருடத்தில் ஒன்றுகூடத் தொந்தரவு தரவில்லை. அக்கா வீட்டில் 2024-இல் 540 வாட் மோனோ பெர்க் என்னும் புது வகைப் பேனல் ஆறு போட்டோம். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்கூட இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை, அதனால் தேர்வு தானாகவே சுருங்கிவிட்டது. புது பேனல் இடம் குறைவாகப் பிடிக்கிறது, உஷ்ணத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. பேனல் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் பாலியில் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். ஏப்ரல் மத்தியானத்தில் பேனல் 65 டிகிரியைத் தொடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். கத்திரி வெயிலில் மீட்டர் பறக்கும் என்று காத்திருந்த எனக்கு அதிக யூனிட் கிடைப்பது என்னவோ பிப்ரவரி, மார்ச்சில்தான்.

நிழல் விஷயத்தில் ஏமாந்தேன். மாடிப்படி அறை வடகிழக்கு மூலையில் இருக்கிறது. "சூரியன் தெற்கே சாய்ஞ்சுதான் போகும், வடக்குப் பக்கத்து நிழல் விழாது" என்றார் பொருத்த வந்தவர். மார்கழிக்கு அது சரி. ஆனால் நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சி வெயிலே தலைக்கு வடக்கே நிற்கும், சூரியன் உதிப்பதும் வடகிழக்கில். ஆனி மாதக் காலையில் ஒன்பதரை வரை அறையின் நிழல் இரண்டு பேனல்மேல் படுத்துக் கிடந்தது. 2021-இல் அந்த இரண்டையும் தென் கோடிக்கு மாற்றினேன்.

இனி இன்வெர்ட்டர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் அது அடிக்கடி நின்று, சில நிமிடம் கழித்துத் திரும்ப ஓடும். திரையில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று வரும். எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கம், வோல்டேஜ் எப்போதும் தூக்கலாகவே இருக்கும். சோலார் கரண்ட்டை வெளியே தள்ளும்போது அது இன்னும் ஏறும். மீட்டரில் 256 வோல்ட் இருக்கும் நேரத்தில் மாடியில் இன்வெர்ட்டர் 261 காட்டியது. என் இன்வெர்ட்டர் 260-இல் நின்றுவிடும். அந்த ஐந்து வோல்ட் எங்கிருந்து வந்தது? மாடியிலிருந்து மீட்டர் வரை 25 மீட்டருக்கு இழுத்திருந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) மெல்லிய ஒயரிலிருந்துதான். தெரிந்த வயர்மேனை வைத்து 6 ஸ்கொயராக மாற்றியதும் வித்தியாசம் இரண்டு வோல்ட்டுக்கு இறங்கியது, நிற்பதும் பெரும்பாலும் ஓய்ந்தது. கொட்டேஷனில் பேனல் பெயரை நான்கு முறை படித்த நான், ஒயர் அளவு எழுதியிருந்த வரியைப் படிக்கவே இல்லை.

மூன்றாம் வருடம் இன்வெர்ட்டரின் போர்டு போனது. பெட்டியை மேற்குச் சுவரில், மூன்று மணி வெயில் நேராக அடிக்கும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். ஐந்து வருட வாரண்டி இருந்ததால் பணம் கொடுக்கவில்லை. ஆனால் மாற்றுப் பெட்டி வர 23 நாள் ஆனது, அதுவும் மார்ச்சில். நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் என்று வைத்தாலும் 270-க்கு மேல் போச்சு. புதியதை மாடிப்படி அறைக்கு உள்ளே மாட்டச் சொன்னேன். அப்போதுதான் பக்கத்தில் ஏ.சி. பக்கத்து சுவிட்ச் இருக்கும் ஏ.சி.டி.பி. பெட்டிக்குள் ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். கேபிள் நுழையும் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை.

அக்கா வீட்டில் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிச் செய்ய வைத்தேன். வாரண்டி வருடத்தைவிட, திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுத்தான் இன்வெர்ட்டர் எடுத்தோம். அவர்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் சலுகை விலையும் போய்விடும் என்பதால் பில் கொழுத்து வரும். இப்போது சோலார் போக 200-ஐ ஒட்டி நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கணக்கு உதைக்கும். ஒரு நாள் முழுக்க மூன்று யூனிட்தான் வந்தது என்று அக்கா போன் செய்து கேட்டாள்.

பேனலை அதிகாலையில், சூடு ஏறுவதற்கு முன் கழுவுகிறேன். போர் தண்ணீர் உப்புப் படலம் விட்டுப்போகும், அதனால் குடிதண்ணீர்க் குழாயில் வருவதைத்தான் இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

என் இன்வெர்ட்டரின் வாரண்டி போன வருடம் முடிந்தது. அடுத்தது, பேட்டரியையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் வாங்கி லித்தியம் பேட்டரி போடலாமா, இதே மாதிரி சாதாரணமாகவே எடுக்கலாமா என்று மனசு இரண்டுபட்டுக் கிடக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் டியூபுலர் பேட்டரி சாகும் வரை முடிவெடுப்பதாக இல்லை. போன வாரம்தான் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், இன்னும் தெம்பாக இருக்கிறது.