பன்றி வேட்டைக்குக் கடல் கடந்து: டெக்சாஸா, டார்வினா, நியூசிலாந்தா?

மாமாவின் கச்சான் தோட்டம் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிடுங்குவதற்குப் பத்து நாள் இருக்கையில், ஒரே இரவில் பன்றிக் கூட்டம் அரை ஏக்கரை ஏர் பூட்டி உழுததுபோல் கிண்டிவிட்டுப் போனதைப் பள்ளி விடுமுறையில் பார்த்திருக்கிறேன். மறுநாள் இரவு பரணில் ஏறித் தகரம் தட்டியபடி விடியும்வரை விழித்திருந்தவர்களோடு நானும் இருந்தேன். பன்றி வேட்டை மீதான ஆசை அன்றே பிடித்துக்கொண்டது. இன்று வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். என்னைப்போலவே ஊர் ஞாபகத்தோடு கொழும்பில் வாழும் மூன்று நண்பர்கள், வெளிநாட்டுப் பன்றி வேட்டைக்கு என்னோடு சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் அக்கரைப்பற்றில் வயல் வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பன்றி இறைச்சியைத் தொடமாட்டார். ஆனால் நெல்லை நாசமாக்கும் பன்றியோடு எங்கள் எல்லோரையும்விட நீண்ட கணக்கு அவருக்குத்தான் இருக்கிறது.

உள்ளூரிலேயே செய்யக்கூடாதா என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். யானை, மான், மரை போலக் காட்டுப்பன்றி இங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல என்பது உண்மை. ஆனால் தேசிய பூங்காக்களுக்குள் எந்த விலங்கின் மீதும் கை வைக்க முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கைத் தொடுவதே குற்றம். காசு கட்டி வழிகாட்டியோடு வேட்டைக்குப் போகும் தொழிலும் நாட்டில் கிடையாது. மிஞ்சுவது, வழியில் மறைத்துக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் உணவுக்குள் ஒளித்துவைக்கும் பன்றி வெடியும்தான். அந்த வெடியை உணவென்று கடித்து வாய் கிழிந்த யானைக் குட்டிகள் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன. கட்டுத்துவக்கு கால் வைத்தவன் மனிதனா பன்றியா என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் வேட்டை என்ற சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிவிட்டது. கேரளத்தில் உள்ளூராட்சித் தலைவர்களுக்கு 2022 முதல் பயிரழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் அறிவித்தார்கள். இரண்டிலும் வெளியாருக்கு இடமில்லை. யாராவது இந்தியாவில் வேட்டை ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

இனி மெய்யாகவே போட்டியில் இருக்கும் நாடுகள். பெரும்பாலானோர் பன்றி எத்தனை, கொம்பு எத்தனை அங்குலம், ஹெலிகொப்டர் உண்டா என்று ஒப்பிடுகிறார்கள். ஊரில் துவக்கு அனுமதிப்பத்திரம் இல்லாத கொழும்புக்காரருக்கு அதெல்லாம் பிறகு வரவேண்டியது. அந்த நாட்டில் என் கையில் துவக்கைக் கொடுக்கச் சட்டம் விடுகிறதா, விட்டால் எந்த நிபந்தனையோடு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வைத்தபிறகு எங்கள் வரிசை தலைகீழானது.

டெக்சாஸில் பன்றி குவிந்து கிடக்கிறது. இருபத்தாறு இலட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பருவமில்லை, எண்ணிக்கை வரம்பில்லை, இரவிலும் சுடலாம். 2011ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஹெலிகொப்டரிலிருந்துகூடச் சுடலாம். மாநிலத்தின் நிலம் கிட்டத்தட்ட முழுவதும் தனியார் கையில் இருப்பதால் பண்ணையாளரின் சம்மதம் போதும். 2019 செப்டெம்பரிலிருந்து தனியார் நிலத்தில் பன்றி சுடுவதற்கு வேட்டை அனுமதிப்பத்திரமே வேண்டாம் என்று மாநிலம் சொல்லிவிட்டது. வழிகாட்டிகளும் "அனுமதிப்பத்திரம் தேவையில்லை, வாருங்கள்" என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர் சறுக்குவார்கள். மாநிலச் சட்டம் வேறு, அமெரிக்க மத்தியச் சட்டம் வேறு. சுற்றுலா வீசாவில் நுழைந்தவர் துவக்கையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தடைக்கான விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம். ஆகவே டெக்சாஸ்காரருக்குத் தேவையில்லாத அந்தத் தாள், கொழும்பிலிருந்து போகும் உங்களுக்குக் கட்டாயம் தேவை. வெளியூராருக்கான ஐந்து நாள் சிறப்பு அனுமதி 48 டொலர். 1971 செப்டெம்பர் 2ஆம் திகதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர் பத்து டொலர் கட்டி ஒரே ஒரு முறை ஒத்திவைக்கலாம், ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மொத்தம் 58 டொலரும் இணையத்தில் கால் மணி நேரமும்தான். இதைச் சொல்லாமல் உங்கள் கையில் துவக்கைத் தரும் வழிகாட்டியை நம்பாதீர்கள். அகப்பட்டால் சிறைக்குப் போவது அவர் மட்டுமல்ல.

மற்றபடி டெக்சாஸின் கணக்கு எளிது. டோகாவோ துபாயோ வழியாக டல்லாஸ் அல்லது ஹூஸ்டன், கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். பண்ணையில் ஓர் இரவு வேட்டை ஆளுக்குச் சில நூறு டொலரில் முடியும். ஹெலிகொப்டர் என்றால் ஆயிரங்கள். வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கி பூட்டிய துவக்கால் இருட்டில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் பன்றிகளைச் சுடுவார்கள். சுட்டது நிச்சயம் கிடைக்கும். அது எனக்குக் கொஞ்சம் தொழிற்சாலை வேலை போலத் தெரிகிறது. ஆனால் அந்தப் பண்ணையாளர்களின் சோளமும் மாமாவின் கச்சானும் ஒன்றுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

துருக்கியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2003ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டவர் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் மூலம் வரவேண்டும். ஊரார் உண்பதில்லை என்பதால் பன்றி முதுமை வரை வளர்கிறது, கொம்பும் நீளமாகிறது. பெரும்பாலும் அந்தக் கொம்பின் நீளத்தைப் பொறுத்தே கட்டணம். இஸ்தான்புலுக்குக் கொழும்பிலிருந்து நேரடி விமானமும் இருக்கிறது. ஆனால் இறைச்சிக்கு ஆளில்லாத இடத்தில் சுடுவதற்கு எனக்கு விருப்பமில்லை. அக்கரைப்பற்று நண்பர் என்னைவிட ஒரு படி மேலே போய், "உண்ண ஆளில்லாமல் உயிரை எடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை" என்றார். அதோடு துருக்கி பட்டியலிலிருந்து போய்விட்டது.

அவுஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியம் நால்வரின் கண்ணிலும் முதலில் நின்றது. 1788இல் முதல் கப்பல் தொகுதியோடு வந்த பன்றிகள் கண்டம் முழுவதும் பரவி ஆமை முட்டைகளையும் ஈரநிலங்களையும் அழித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிராந்தியத்தின் தலைநகரான டார்வினுக்குப் போக மெல்பேர்ண் சுற்றத் தேவையில்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் இரண்டு விமானங்களும் தலா நாலு, நாலரை மணி நேரம்தான். மே முதல் ஒக்டோபர் வரை வறண்ட காலம். பில்லபொங் எனப்படும், நீர் வற்றிய ஆற்றுக் குட்டைகளின் ஓரங்களில் பன்றிகள் கூடும். வன்னிக் குளக்கட்டில் ஆடி, ஆவணியில் பார்ப்பதை ஒத்த காட்சி அது. ஆனால் அந்த நீரில் உவர்நீர் முதலை உண்டு, கரையில் குனிந்து கை கழுவாதீர்கள். ஆர்ணம் லாண்ட் பழங்குடியினரின் நிலம். அதற்குத் தனி நுழைவு அனுமதி எடுக்க வேண்டும்.

சிக்கல் துவக்கில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் துவக்குச் சட்டம். 1996இல் போர்ட் ஆர்தரில் நடந்த துவக்குச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு எல்லா மாநிலங்களும் சேர்ந்து கடுமையாக்கின. வெளிநாட்டிலிருந்து வேட்டைக்கு வருபவருக்குத் தற்காலிக அனுமதி வேண்டும், அதற்கு வழிகாட்டியின் கடிதமும் முன்கூட்டிய விண்ணப்பமும் வேண்டும். ஊரில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் விவசாயிக்கு இது நல்ல வழி. எங்களிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. பல நாள் பயணத்துக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கான அவுஸ்திரேலிய டொலர் கட்டிவிட்டு, அனுமதி வருமா என்று காத்திருக்கும் துணிவும் இல்லை.

கடைசியாகப் பார்த்ததுதான் நியூசிலாந்து. தூரம் அதிகம், பன்றி குறைவு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் சுதேசப் பாலூட்டியே இல்லாத நாடு அது. 1770களில் பன்றிகளைக் கொண்டுவந்து விட்ட கடலோடி கப்டன் குக்கின் பெயரால் இன்றும் காட்டுப்பன்றியை அங்கே "கப்டன் குக்கர்" என்கிறார்கள். தரையில் முட்டையிடும் பறவைகளையும் அரிய நத்தைகளையும் அது தோண்டித் தின்கிறது. பொதுக் காடுகளில் வேட்டையாட அரசின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் இலவசமாக அனுமதி தருகிறது.

எங்கள் தீர்மானத்தை மாற்றியது அங்குள்ள துவக்குச் சட்டத்தின் ஒரு பிரிவு. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரின் நேரடிக் கண்காணிப்பில், அனுமதிப்பத்திரம் இல்லாதவர் சாதாரண வேட்டைத் துவக்கைப் பயன்படுத்தலாம். நேரடி என்றால் கைக்கெட்டும் தூரம். கண்காணிப்பவர் அந்த நேரத்தில் வேறு துவக்கு எதையும் கையில் வைத்திருக்கக்கூடாது. ஆகவே ஒரு வழிகாட்டிக்கு ஒரு துவக்கு, ஒரு விருந்தாளி. நால்வர் போனால் ஒருவர் சுடும்போது மூவர் பின்னால் அமர்ந்திருக்க வேண்டும், அல்லது இரண்டாவது வழிகாட்டிக்குக் காசு கட்ட வேண்டும். சிலருக்கு இது குறை. எனக்கு இதுவே நிறை. முதல் தடவை உயிரைக் குறிவைக்கும் ஒருவனின் தோளருகே அனுபவசாலி ஒருவர் இருப்பதைச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது.

அங்கே ஊர்க்காரர் விரும்புவது நாய் வேட்டை. மோப்பம் பிடிக்கும் நாய் மறிக்கும், பிடி நாய் கவ்வும், மனிதன் கத்தியோடு ஓடுவான். வன்னியிலும் நாய் கட்டிப் பன்றி பிடித்த பெரியவர்கள் உண்டு. கொம்பு கிழித்த நாயைச் சாக்கில் சுமந்து வந்த ஒருவரின் முகத்தைச் சிறுவயதில் பார்த்தேன், அதற்குப் பிறகு அந்த முறையில் எனக்கு ஆசையில்லை. மெல்ல நடந்து, காற்றுக்கு எதிராக நின்று, துவக்கால் முடிக்கும் பதுங்கு வேட்டையைக் கேட்டிருக்கிறோம். முன்பதிவு செய்யும்போதே எந்த முறை என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கே போனாலும் சில விடயங்கள் மாறாது. முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின் மேல் கவசம்போலத் தடித்து இறுகிய தோல் இருக்கும், தப்பான கோணத்தில் பட்ட குண்டு அதைக் காயப்படுத்தி ஓடவிடும். காது அடியையும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னுள்ள இடத்தையும் வழிகாட்டியிடம் படம் வரைந்து கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டும்போது கையுறை அவசியம், பன்றி வழியாக புருசெல்லோசிஸ் என்ற பக்டீரியாக் காய்ச்சல் தொற்றும். இறைச்சியின் உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ் வரும்வரை சமைக்க வேண்டும். ஒரு துண்டைக்கூட ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் பண்ணைகளுக்குள் புகுந்து எத்தனை குடும்பங்களின் பட்டிகளை வெறுமையாக்கியது என்று எல்லோரும் பார்த்தோம். அங்கேயே சமைத்து உண்ணுங்கள், மீதியை அந்த ஊராருக்குக் கொடுங்கள்.

இனி முற்பணம். கடந்த வருடம் டெக்சாஸ் பயணத்துக்கு ஒரு முகவரிடம் பாதித் தொகை கட்டினோம். எங்களில் ஒருவருக்கு வீசா மறுக்கப்பட்டது. காசைத் திருப்பித் தருவது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நால்வரும் பங்கு போட்டு நட்டத்தைச் சுமந்தோம். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் கேட்க வேண்டியது இதுதான்: வீசா மறுக்கப்பட்டால் முழு முற்பணமும் திரும்புமா? ஆம் என்று எழுதித் தராதவர் எவ்வளவு நல்ல வேட்டைக்காரராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

அமெரிக்க வீசா ஏற்கெனவே கையில் இருப்பவர் டெக்சாஸுக்குப் போகலாம், அந்த 48 டொலர் தாளை மறக்காமல். ஊரில் துவக்கு அனுமதிப்பத்திரம் உள்ளவர் டார்வினைத் தெரிவு செய்யலாம். எங்களைப்போல் வெறுங்கையோடு போகிறவர்களுக்கு நியூசிலாந்துதான். ஜூலைக்கு நாள் குறித்திருக்கிறோம், அங்கே குளிர்காலம். புதிய சப்பாத்து வாங்காமல் பழையதையே எடுத்துப் போகிறோம், காலுக்குப் பழகியது. ஆனால் அதன் அடியில் ஒரு மண் துகளும் இருக்கக்கூடாது. விமான நிலையத்தில் அறிவிக்காமல் அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். நேற்று மாலை வீட்டுப் பின்புறக் குழாயடியில் நால்வரும் பழைய பல்துலக்கியால் அடிக்கட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். என் சப்பாத்தின் பள்ளத்திலிருந்து காய்ந்துபோன ஒட்டுசுட்டான் செம்மண் கட்டி ஒன்று விழுந்தது.