சூடானால் கரண்ட் வராத வாட்டர் ஸ்கூட்டரும் கொணவட்டம் காயில் கடை பாயும்

வேலூரில் வாட்டர் ஸ்கூட்டரா என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊர் என்று நம்மை நாமே கிண்டல் செய்துகொள்கிறவர்கள்தானே நாம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடியபோது என் அக்கா மகனிடம் இந்த வண்டி இல்லை. அதற்கப்புறம்தான் வாங்கினான். பழைய யமஹா, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், செகண்ட் ஹேண்டா மூணாவது ஹேண்டா என்று அவனுக்கே தெரியாது. முட்டுக்காடு பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் அதைக் குட்டி யானையில் ஏற்றிக் காட்பாடியில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். நான் 22 வருஷமாக ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கிறேன், அதைப் பலமுறை பிரித்து மாட்டியிருக்கிறேன். அது ஒன்றுதான் என் தகுதி. "டூ ஸ்ட்ரோக்னா உனக்குத் தெரியாததா மாமா?"

கோளாறு இதுதான். ஆறியிருக்கும்போது பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் சுவிட்சை அணைத்தது போல நின்றுவிடும். அரை மணி விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பைக் என்றால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். நடுத்தண்ணீரில் நின்றால் என்ன செய்வது? சென்னையில் ஒரு மெக்கானிக் ரெண்டு முறை பிளக் மாற்றி, பொறிக்கான கரண்டைச் சேர்த்துவைத்து நேரம் பார்த்து விடுகிற சிடிஐ யூனிட்டையும் 18,500 ரூபாய்க்கு மாற்றியிருக்கிறார். அப்படியும் நின்றது. அடுத்து, கரண்ட் உண்டாக்கும் காயில்கள் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டர் பிளேட்டையே முழுசாக மாற்றவேண்டும், 27,000 ஆகும் என்றிருக்கிறார். அவர் ஒவ்வொரு முறையும் வண்டி ஆறியிருக்கும்போதுதான் பிளக்கில் கரண்ட், அதாவது பொறி, வருகிறதா என்று பார்த்திருக்கிறார். ஆறின வண்டியில் கரண்ட் நீலமாகச் சொடுக்கிக்கொண்டு வரத்தான் செய்யும்.

நான் முதலில் அதை வாசலிலேயே சாகவைத்தேன். குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் சில நொடிகளுக்கு மேல் இந்த எஞ்சினை ஓட்டக்கூடாது, அதனால் தோட்டத்து ஹோஸை மாட்டித்தான் ஓட்டவேண்டும். இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எஞ்சின், அப்புறம்தான் தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் எஞ்சின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பதினோராவது நிமிஷத்தில் நின்றது. சீட்டைக் கழற்றிக் கால் மணி நேரம் காற்றாட விட்டேன். அந்தக் கூட்டுக்குள் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும், அங்கே பொறி பறந்தால் பிளக் மாற்றும் வேலையே மிச்சம் இருக்காது. அப்புறம் ரெண்டு பிளக்கையும் கழற்றிக் கேப்பில் மாட்டி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி எர்த் கொடுத்து, ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டு பட்டனை அமுக்கினேன். ரெண்டிலும் கரண்ட் இல்லை. ஒன்றில் மட்டும் இல்லையென்றால் பிளக்கையோ கேப்பையோ சந்தேகப்படலாம். இந்த வண்டியில் கரண்டை உயர்த்திப் பிளக்குக்கு அனுப்பும் ஹெச்டி காயில் ரெண்டு பிளக்குக்கும் ஒன்றேதான். ரெண்டும் ஒன்றாகப் படுத்தால் கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது, அல்லது அந்தக் காயிலிலேயே இருக்கிறது. கையில் மாட்டும் கயிற்றுக் கிளிப் இருக்கிறதே, அந்த ஸ்டாப் சுவிட்ச் ஒயரையும் கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றில் கனெக்டரெல்லாம் பச்சை பிடித்திருந்தது. சுத்தம் செய்தும் ஒன்றும் வரவில்லை. இந்த ஒயரைக் கழற்றிய நிலையில் எஞ்சின் தப்பித்தவறி ஸ்டார்ட் ஆகிவிட்டால் சோக்கை இழுத்துத்தான் நிறுத்தவேண்டும், அதை முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிடிஐ புதுசு. மிச்சம் இருப்பது கரண்ட் உண்டாக்கும் சோர்ஸ் காயில், பொறி எப்போது வரவேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் பல்சர் காயில், ஹெச்டி காயில். மூன்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காயில் சுற்றும் கடைக்குப் போனேன். காயில்களை மூடிக்கொண்டிருக்கும் மேக்னட் சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவிதான் புல்லர், ஆர்எக்ஸ் புல்லர் இதற்குச் சேராது. லேத்தில் ஒரு கனமான தகட்டில் மூன்று ஓட்டை போட்டு நானே ஒரு புல்லர் செய்யவேண்டியிருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி கடை. வேலூர் கொணவட்டத்தில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பத்து அறை, பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் மோட்டார் ஃபீல்டும் மிக்ஸி ஆர்மெச்சரும் கொத்தாகத் தொங்கும், அதுதான் அடையாளம். பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஸ்டேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வண்டியா கப்பலா?"

சொன்னேன். "கப்பலா இருந்தாலும் காயில் காயில்தான்" என்று மீட்டரை எடுத்தார். மூன்றுமே சரியான அளவு காட்டியது. இந்த இடத்தில்தான் மற்றவர்கள் "நல்லா இருக்கு, வேற எங்கேயோ கோளாறு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப நிக்குது? ஏறும்போதா, சூடாகியா?"

சூடாகி என்றதும் மூன்றையும் தகரப் பெட்டியில் வைத்தார். உள்ளே நாலு குண்டு பல்பு, வார்னிஷ் காயவைக்கிற பெட்டி அது. வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலே போதுமே என்றேன், சிரிக்கவில்லை. இருபது நிமிஷம் கழித்துச் சூட்டோடு மறுபடி மீட்டர் வைத்தார். ஹெச்டி காயில் அதே அளவு. பல்சரும் அப்படியே. சோர்ஸ் காயிலில் எண் குதித்துக் குதித்து, அப்புறம் காணாமலே போயிற்று. முடி மாதிரி இருக்கும் அந்தக் கம்பி உள்ளே எங்கோ அறுந்து, முனையும் முனையும் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. சூட்டில் விரிந்தால் விலகும், ஆறினால் சேரும். சிடிஐக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை நிரப்புவதே இந்தச் சோர்ஸ் காயில்தான். அது செத்தால் புது சிடிஐ என்ன செய்யும்?

சுற்றும் விதம் பார்க்க அழகு. மேலே இருந்த எபாக்சியைச் சுரண்டி, பழைய கம்பியைக் கைராட்டினத்தில் பின்னோக்கிச் சுற்றிச் சுற்று எண்ணினார். நடுவில் பேசினால் கை காட்டி நிறுத்துகிறார். சுற்று குறைந்தால் செல்ஃப் மோட்டார் சுழற்றும் மெதுவான வேகத்தில் கரண்ட் வராது என்பது அவர் கணக்கு. கம்பித் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்து அதே கேஜில் புதுசு சுற்றி, வார்னிஷில் முக்கி, ராத்திரி முழுக்கப் பெட்டியில் வைத்தார். கூலி 1,600. மற்ற ரெண்டைச் சோதித்ததற்குக் காசு வாங்கவில்லை. ஹெச்டி காயிலையும் மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, "நல்லா கீற பொருள ஏன் சார் தூக்கிப் போடற?" என்றார்.

மாட்டி, ஹோஸ் போட்டு 25 நிமிஷம் ஓட்டினேன், நிற்கவில்லை. முட்டுக்காட்டுக்குப் போய் நாலு ஞாயிறு ஆகிவிட்டது, இதுவரை புகார் வரவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு நாலு ஸ்டார்தான் கொடுக்கிறேன். நாலு நாளில் தருகிறேன் என்றது பதினோரு நாள் ஆயிற்று. போன் எடுப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது என்பது எனக்கு ரெண்டாவது வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. பில்லும் கிடையாது, வண்டி நிறுத்த இடமும் கிடையாது. காயிலை மட்டும் கழற்றி எடுத்துப் போவதுதான் நல்லது, முழு வண்டியோடு போனால் சந்தே அடைத்துவிடும்.

அப்புறம் அந்த புல்லர். "நல்லா பண்ணியிருக்கீங்களே, ரெண்டு நாள் வெச்சிட்டுப் போங்க, இதே மாதிரி ஒண்ணு போட்டுக்கறேன்" என்று வாங்கி வைத்தார். மாசம் ஒன்று ஆகிறது. போன வாரமும் போய்க் கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.