ஆறாவது கம்பி இல்லாத கிட்டாரும் ஒரு பாய் கடையும்

வேலூர் லாங்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. ஆர்மோனியம், டோலக் பழுது பார்ப்பதுதான் முக்கிய வேலை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தோல் கிழிந்த டோலக் ஒன்று தொங்கும், அதுதான் அடையாளம். எலக்ட்ரிக் கிட்டாரை இங்கே கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தாராளமாகக் கொடுக்கலாம், அவசரம் இல்லை என்றால்.

என் தேவை கொஞ்சம் கோணலானது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார், மற்ற நாட்களில் ராத்திரி மொட்டை மாடியில் ராக். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 1960-களின் கடைசியில் பிடித்துக்கொண்ட ஓப்பன் ஜி என்கிற சுருதி முறை மேல் எனக்கு ரொம்ப நாள் பைத்தியம். முதல் கம்பியையும் ஆறாவதையும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்க வேண்டும், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு. நடுவில் இருக்கும் மூன்றும் அப்படியே. ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தாலே முழு கார்டு வந்துவிடும்: ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டு) சி, ஏழில் டி. ஆனால் கீழே அந்த ஆறாவது கம்பி கார்டின் ஆதார ஸ்வரத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு குழப்பும். கீத் அதைக் கழற்றியே போட்டுவிட்டார். மிஞ்சியது ஐந்து கம்பி: ஜி, டி, ஜி, பி, டி.

முன்பு ஒரு பெரிய கடையில் இதைச் சொன்னபோது, கவுண்டரில் இருந்த பையன் புது ஸ்ட்ரிங் செட் ஒன்றை எடுத்து நீட்டினான். கம்பி அறுந்து போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான் போல.

இந்தக் கடைக்காரர் பாயும் முதலில் அதைத்தான் கேட்டார். "இன்னா தம்பி, ஒண்ணு அறுந்துபோச்சா?" நான் ஐந்தையும் மீட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "அஞ்சு கட்டை. ச, ப, ச, க, ப. தம்புராவுக்கு நடுவுல ஒரு காந்தாரத்தைச் சொருகி வெச்சிருக்கே" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்க வேலை இல்லை. இத்தனை வருஷம் வாசித்தும் என் மண்டையில் அது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

சரி, ஒரு கம்பியைக் கழற்ற எதற்குக் கடை? நானும் அப்படி நினைத்துத்தான் வீட்டிலேயே கழற்றினேன். கம்பியின் தடிமன் பத்தில் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு) தொடங்கும் சாதாரண செட்டில் ஆறாவது கம்பி மட்டும் ஏறக்குறைய 8 கிலோ இழுக்கிறது. அந்த இழுப்பு போனதும், கழுத்துக்குள் இருந்து அதை எதிர்த்து நிற்கும் டிரஸ் ராடு என்கிற உலோகத் தண்டு ஜெயித்துவிடும். கழுத்து பின்பக்கம் வளைந்து, முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி இரையும். ஒரு ஸ்வரம் இறக்கினால் அந்தக் கம்பியின் இழுப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால் கொஞ்சம் தடித்த கம்பிகளாக வாங்கிப் போயிருந்தேன்: 11, 15, 18, 30, 42. அதில் இன்னொரு வம்பு. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டைக்கு நட்டு என்று பெயர்; அதில் ஐந்தாவது கம்பியாகப் பழைய 36 உட்காரும் பள்ளத்தில் 42 இறங்காது. கீயைத் திருகும்போது சிக்கி நின்று, 'டிங்' என்று ஒரே தாவாகத் தாவும்.

பாய் ராடைக் கால் திருப்பு தளர்த்தினார். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு உரசிப் போகிறதா என்று பார்த்தார். அப்புறம் சன்ன அரத்தால் பள்ளங்களை ராவினார். ஐந்து கம்பியையும் அகலமாகப் பரப்பிவிடலாமா என்று கேட்டேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தங்களைக் காட்டி, "இதுக்கு நேரா நிக்கணும்ல?" என்று முடித்துவிட்டார். கம்பியின் அடிப்பக்கத்தைத் தாங்கும் சேடிலில் காலியான ஆறாவது கடகடக்கும் என்று நான் சொல்லாமலே கழற்றி, காகிதத்தில் மடித்து வைத்தார்.

குறை இல்லாமல் இல்லை. நாலாம் கம்பியின் பள்ளத்தைக் கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டார். வீட்டுக்கு வந்து வாசித்தால், அது மட்டும் ஜீவா (கம்பிக்கு அடியில் செருகும் நூல்) வைத்த தம்புரா மாதிரி இரைகிறது. மறுநாள் எடுத்துப் போனேன். பாய் சமாளிக்கவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் நட்டைத் தட்டி எடுத்துவிட்டு, எலும்புத் துண்டு ஒன்றை அறுத்துப் புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். தேய்க்கத் தேய்க்கப் பல் டாக்டர் கிளினிக் வாசனை. நட்டுக்குக் காசு வாங்கவில்லை. மொத்தம் 700 ரூபாய். நாள்தான் ஒன்பது ஆனது. 'நாளைக்கு' என்று அவர் சொன்னால் அது இந்த வாரத்து நாளை இல்லை. வால்யூம் குமிழ் கரகரப்பதையும் பார்க்கச் சொன்னேன். "கரண்ட் வேலை நமக்கு வேணாம் தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தெரியாததைத் தெரியாது என்கிற மெக்கானிக்கை நான் நம்புவேன்.

இப்போது கிட்டார் எப்படி? சித்திரை வெயிலில் மாடி அறை கொதித்தபோதுகூட சுருதி பெரிதாக நகரவில்லை. ஒற்றை விரலைக் குறுக்கே போட்டு, நடுவிரலை இரண்டாம் கம்பியில் ஒரு ஃப்ரெட் தள்ளியும், மோதிர விரலை நாலாம் கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளியும் வைத்து எடுத்தால், அந்த ஸ்டோன்ஸ் துள்ளல் தானாக வந்து உட்காருகிறது. கீழ்க் கம்பியை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ச-தான் பேசும். மைனர் கார்டுக்குத்தான் விரல் திணறும். அதனால் சர்ச்சுக்குப் பழைய ஆறு கம்பிதான். இதைக் கொண்டு போய்க் கீர்த்தனை வாசித்தால் ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிடுவார்.

போகிறவர்கள் கம்பியை வாங்கிக்கொண்டு போங்கள், அவரிடம் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை சாத்தியிருக்கும். கழற்றிய சேடில் பொட்டலத்தை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் மறந்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போனேன். சேடில் கிடைத்தது, அதன் ஸ்பிரிங் மட்டும் யாருடைய ஆர்மோனியத்துக்குள்ளோ போய்விட்டிருந்தது.