வாட்சை நம்பி ஓடுவதா, மூச்சை நம்பி ஓடுவதா?

நீண்ட தூரம் ஓடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு டைம்தான் எல்லாம். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடம்தான், பத்து நொடி கூடிவிட்டால் அன்றைய பொழுதே கெட்டுப்போகும். இன்னொரு கட்சி மூச்சைக் கேட்டு ஓடும். பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிகிறதா, இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லையா, பேச்சே நின்றுவிட்டதா என்பதுதான் அவர்களுக்கு அளவு. வேறு ஊரில் எது சரியோ தெரியாது. ராமநாதபுரம் கடற்கரையில் ரோட்டில் ஓடுகிறவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. காரணம் காற்று.

ஆனி, ஆடியில் கீழக்கரையிலிருந்து ஏர்வாடிப் பக்கம் ஓடிப் பாருங்கள். தென்மேற்குக் காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் கொஞ்சம் அடங்கும், வெட்டவெளி வந்ததும் மறுபடி மணலை வாரி இறைக்கும். அதே உழைப்பில் ஒரு கிலோமீட்டர் ஐந்து நிமிடம், அடுத்தது ஐந்தே முக்கால் என்று வாட்ச் காட்டினால் பையன் என்ன நினைப்பான்? ‘இன்னிக்கு உடம்பு சரியில்ல’ என்றுதான். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. எதிர்க்காற்று பிடுங்கிக்கொள்வதில் ஒரு பங்கைத்தான் பின்காற்று திருப்பித் தரும். மார்கழியில் தேவிபட்டினத்திலிருந்து தொண்டியை நோக்கி வாடைக்காற்றில் ஓடினாலும் இதே கதைதான்.

பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். ரயிலுக்குக் காட்டிய அந்த இரக்கத்தைப் பதினேழு வயதுப் பையனுக்கும் கொஞ்சம் காட்டலாம்.

அப்புறம் புழுக்கம். கடலோரத்தில் வியர்வை சட்டையை நனைக்குமே தவிரக் காயாது. அது காயாமல் உடம்பு குளிராது. வேகத்தைக் கூட்டாமலே இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். சித்திரை மாதத்து ஓட்டத்தைத் தை மாதத்து டைமோடு ஒப்பிட்டுத் திட்டுகிற மாஸ்டர் திட்டுவது பையனை அல்ல, வெயிலை.

உலக அளவிலும் இந்த இரண்டு மனநிலையை இரண்டு ஓட்டங்களில் பார்க்கலாம். 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் முடித்தார். அதற்காக 41 பேர் முறைவைத்து அவரைச் சுற்றி அணிவகுத்து ஓடிக் காற்றை மறைத்தார்கள். முன்னால் போன கார் லேசர் ஒளியில் வேகத்தைச் சாலையிலேயே வரைந்து காட்டியது. இத்தனை ஏற்பாடு இருந்ததால்தான் அது உலக சாதனைக் கணக்கில் ஏறவில்லை. டைமைத் துரத்துவதென்றால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்: காற்றே படாத ஓர் ஏற்பாடு.

2018 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தான் இதற்கு நேர் எதிர். கொட்டும் மழை, குளிர், முகத்தில் அடிக்கும் காற்று. பேர்பெற்ற பலர் பாதியிலேயே விலகினார்கள். ஆண்களில் வென்ற யூகி கவாவுச்சி அப்போது ஜப்பானில் முழுநேர அரசு ஊழியர். அவருடைய டைம் 2 மணி 15 நிமிடம் 58 நொடி. பெண்களில் டெசிரே லிண்டன் ஆரம்பத்திலேயே ‘இன்னிக்கு நான் விலகிவிடுவேன் போலிருக்கிறது, உனக்கு ஏதாவது உதவி வேண்டுமா’ என்கிற மாதிரி கூட ஓடிய ஷலேன் ஃப்ளானகனிடம் சொன்னவர். ஃப்ளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து கூட்டிவந்தார். அடுத்தவருக்கு உதவிக்கொண்டே ஓடியவர் கடைசியில் முதலாவதாக வந்தார். 2 மணி 39 நிமிடம் 54 நொடி. அந்தப் போட்டியில் 1978-க்குப் பிறகு வென்ற பெண்களில் யாரும் இவ்வளவு மெதுவாக வந்ததில்லை. அன்றைக்கு வாட்சைப் பார்த்து ஓடியிருந்தால் விலகுவதற்குக் காரணம் ஒவ்வொரு மைலிலும் கிடைத்திருக்கும்.

நம் கடற்கரை எந்த ஊர் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூச்சுக் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. புதிதாக வருகிறவனுக்குத் தன் மூச்சைப் படிக்கத் தெரியாது. முதல் கிலோமீட்டரில் எல்லாமே லேசாகத்தான் இருக்கும், பறப்பான், நாலாவதில் நடப்பான். சோம்பேறிக்கும் இது வசதி. ‘மூச்சு வாங்குச்சு மாஸ்டர்’ என்று சொன்னால் யார் அளந்து பார்ப்பது? அதனால்தான் ஆரம்ப மாதங்களில், காற்று எழும்பாத விடியற்காலையில், கிரவுண்டில் மட்டும் வாட்சைக் கையில் எடுக்கச் சொல்வேன். அதுவும் வேகமாக ஓட வைப்பதற்கு அல்ல, முதல் ரவுண்டில் அடக்கி வைப்பதற்கு.

மாஸ்டர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு பழக்கம்தான். ஓடி முடித்து வருகிறவனிடம் முதல் கேள்வியாக ‘எத்தனை நிமிஷம்?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு, அப்ப என்ன பண்ணுன?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு எண் வரும், அதோடு பேச்சு முடியும். இரண்டாவதற்குப் பையன் யோசிப்பான். ‘பாலம் தாண்டுனதும் காத்து ஏறுச்சு, குனிஞ்சு சின்னச் சின்ன அடியா வச்சேன்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவன் தேறிவிட்டான். அடுத்த முறை காற்று ஏறும்போது செய்வதற்கு அவனிடம் ஒரு வேலை இருக்கும். டைமை மட்டும் வைத்திருப்பவனிடம் அப்போது பயம்தான் இருக்கும்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். அங்கே போய்க் ‘காத்து சார்’ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். நானூறு மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 நொடி என்ற கணக்கு அவர்கள் காலில் ஊறியிருக்க வேண்டும். அவர்கள் ரோட்டை விட்டுவிட்டு ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியம் மாதிரி அளந்த மைதானத்துக்கு வந்துவிடட்டும், வாட்சோடு.