சப்டொமைன்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மயிலாப்பூரில் கொலு பொம்மை விற்கும் எங்கள் கடைக்கு 2016-இல் முதல் இணைய முகவரி கிடைத்தது. இலவசச் சேவை ஒன்று தன் டொமைனுக்கு, அதாவது தான் பதிந்து வைத்திருந்த இணையப் பெயருக்கு, முன்னால் எங்கள் கடைப்பெயரைச் சேர்த்துக் கொடுத்தது. இப்படி முன்னால் சேர்த்து அமைவதுதான் சப்டொமைன். விசிட்டிங் கார்டு, அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் அதையே அச்சடித்தோம். 2018-இல், நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கையில், அந்தச் சேவை இலவசத் திட்டத்தை நிறுத்தியது; முகவரியும் அதோடு போயிற்று. வாடிக்கையாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்த அந்தப் பெயர் ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் சொந்த டொமைன் வாங்கினோம். அதன்கீழ் மொத்த வியாபாரத்துக்கு ஒன்றும் பில்களுக்கு ஒன்றுமாகச் சப்டொமைன்கள் வைத்திருக்கிறோம். அவற்றுக்குத் தனிப் பதிவுக் கட்டணம் கிடையாது. 'யுகே டாட் காம்' போன்ற பெயர்களின்கீழ் சப்டொமைன்களை ஆண்டுச் சந்தாவுக்கு விற்பதே ஒரு தொழிலாக நடக்கிறது. அதை வாங்குவது தவறன்று. ஆனால் வலப்பக்கப் பெயர் யார் கையில் இருக்கிறதோ, அவர் தயவில்தான் நம் முகவரி நிற்கும்.

வாடிக்கையாளர்களோ இடப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள். நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு மாமி, தமக்கு வந்த குறுஞ்செய்தியில் இருந்த இணைய முகவரியைத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்.

"முதல்லயே பேங்க் பேர் இருக்கேப்பா?"

"மாமி, நம்மாத்து விலாசத்துல பழைய எண், புதிய எண்ணெல்லாம் முன்னாடி வரும், ஊர் எதுன்னு கடைசியிலதானே தெரியும்? அதே மாதிரி, முதல் ஒத்தைச் சாய்கோடு வர்ற இடத்துலேர்ந்து இடப்பக்கமா பின்னோக்கிப் படிங்கோ."

மெல்லப் படித்தார். கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர் இருந்தது. வைத்துவிட்டார்.

இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறவேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்ததை, இதனாலேயே நான் மனமார வரவேற்கிறேன். 'பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயரைப் பதிய வங்கிகளுக்கு மட்டுமே வழியுண்டு. முகவரியின் முடிவைப் பார்க்கும் பழக்கம் இதனால் மக்களிடம் வேர்விடக்கூடும்.

எங்கள் பில்லின் அடியில் இப்போது டொமைனைத் தடித்த எழுத்திலும் சப்டொமைனை மெல்லிய எழுத்திலும் அச்சடிக்கிறோம்.